பழங்கற்படி: திடநிலைச் சேமிப்பகங்களும் கட்டற்ற இயக்கி நிரல்களும்

திருக்கோவிலூர் வட்டாரத்தில் ஜம்பை என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்க் குன்றின் குகைப்பாறை ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்த உறைவிடம் இது என்பது அதன் பொருள். அசோகனின் கல்வெட்டுகள் சேர, சோழ, பாண்டியரோடு ஒருங்கே சுட்டும் சத்தியபுத்திரர் யாவர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்த கேள்விக்கு அந்த ஒற்றை வரி விடை தந்தது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அதனைக் கண்டறிந்த ஆண்டு 1981.

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அவ்வரி வெயிலிலும் மழையிலும் அங்கேயே கிடந்தது. பாறை தன் கடமையில் தவறவில்லை. இடையில் அறுந்துபோனது படிக்கும் முறைதான். பிராமி எழுத்தின் நெடுங்கணக்கு மக்கள் வழக்கிலிருந்து மறைந்தபின், வடநாட்டு வடிவத்தை 1837 இல் ஜேம்ஸ் பிரின்செப் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. நம் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924 இல் எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவனின் பல்லாண்டு உழைப்பு 2003 இல் பெருநூலாக வெளிவந்தது. இத்தனையும் நடந்த பிறகே ஜம்பை வரி போன்றவை நமக்கு முழுமையாகப் பேசுகின்றன.

இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் கணினியின் சேமிப்பகங்களைப் பற்றியும், அவற்றை இயக்கும் கட்டற்ற நிரல்களைப் பற்றியும் எழுதப் புகுந்ததன் காரணம் இதுதான். பொருளைக் காப்பது வேறு; அப்பொருளைப் படிக்கும் வழியைக் காப்பது வேறு. இரண்டாவதைக் கைவிட்டால் முதலாவதால் பயனில்லை. கல்வெட்டியலில் நாம் கற்ற இப்பாடம், கடந்த கால் நூற்றாண்டில் கணினித் துறையில் மீண்டும் ஒருமுறை நடத்தப்பட்டிருக்கிறது. அதிகம் விற்காத, சிறு கூட்டத்தாரே பயன்படுத்தும் கணினிகளின் வரலாற்றில் அதனைத் தெளிவாகக் காணலாம்.

இயக்கி என்பது யாது?

டிரைவர் என்றால் நமக்குப் பேருந்து ஓட்டுநரே நினைவுக்கு வருவார். கணினித் துறையில் அச்சொல்லைத் தமிழில் இயக்கி என்பர். கணினியின் இயங்குதளம் பொதுவான மொழியில் பேசும். வன்பொருள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய மொழியில்தான் கேட்கும். ‘இந்தக் கோப்பின் இப்பகுதியைக் கொண்டுவா’ என்று இயங்குதளம் கேட்டால், அதனை அந்தக் குறிப்பிட்ட கருவிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி அனுப்பி, விடையைப் பெற்றுத் திருப்பித் தருவது இயக்கி நிரலின் வேலை. துபாஷி என்று பழைய சென்னையில் வழங்கிய சொல் இதற்குப் பொருந்தும். துபாஷி வராத நாளில் வணிகரும் ஊராரும் எதிரெதிரே நின்றாலும் பேச்சு நடவாது.

விற்பனை மிகுந்த கணினிகளுக்குத் துபாஷிகளைத் தயாரிப்பு நிறுவனங்களே அமர்த்தித் தருகின்றன. சில ஆயிரம் பேரே வைத்திருக்கும் கணினிக்கு எந்த நிறுவனமும் அச்செலவை ஏற்காது. அங்கே பயன்படுத்துவோரே இயக்கியை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதிக்கொள்வதற்குக் கருவியின் மொழி அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மொழியின் இலக்கணம் வெளியிடப்பட்டுள்ளதா, பூட்டி வைக்கப்பட்டுள்ளதா என்பதைப் பொறுத்தே அக்கணினியின் வாழ்வும் சாவும் அமைகின்றன.

தட்டிலிருந்து சில்லுக்கு

1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அது தாங்கியது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் வன்தட்டுகள் சுருங்கிக்கொண்டே வந்தன. ஆனால் அடிப்படை மாறவில்லை. தட்டு சுழல வேண்டும், ஊசிபோன்ற தலை நகர்ந்து உரிய இடத்தை அடைய வேண்டும். அதற்கு ஆகும் சில மில்லி வினாடிகள் கணினிக் கணக்கில் ஒரு யுகம்.

ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984 இல் ஃபிளாஷ் நினைவகத்தையும், 1987 இல் நாண்ட் வகை ஃபிளாஷையும் உலகுக்கு அறிமுகம் செய்தார். இதில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. மிக நுண்ணிய அறைகளில் மின்னேற்றத்தை அடைத்து வைப்பதே சேமிப்பு. மின்சாரம் நின்றாலும் அவ்வேற்றம் தங்கும். இவ்வகைச் சில்லுகளால் ஆன சேமிப்பகத்தைத் திடநிலைச் சேமிப்பகம், அதாவது எஸ்.எஸ்.டி. என்கிறோம்.

ஆனால் இந்த அறைகளுக்குச் சில குணங்கள் உண்டு. எழுதியதன் மேல் அப்படியே எழுத இயலாது. ஒரு பெருந்தொகுதியை முற்றாக அழித்துவிட்டுத்தான் மீண்டும் எழுத வேண்டும். ஒவ்வோர் அழிப்பும் அறையைச் சிறிது தேய்க்கும். ஆகவே ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல் எங்கும் பரவலாக எழுத வேண்டும். மின்னேற்றமும் நாளடைவில் கசியும். ஜெடெக் என்னும் தொழில்தர அமைப்பின் வரையறைப்படி, தன் எழுதுதிறன் முழுவதும் தீர்ந்த நிலையில் ஒரு தனிநபர் எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தரவைக் காத்தால் போதுமானது. வெப்பம் மிகுந்தால் காலம் குறையும். நம் ஊர்ச் சித்திரை வெயிலை எண்ணிப் பார்த்தால், பனையோலையே மேல் என்று தோன்றாமற் போகாது.

சிற்றிதழ் போன்ற கணினிகள்

1933 இல் தொடங்கிய மணிக்கொடியும், 1959 இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய எழுத்தும் எத்தனை படிகள் விற்றன என்பதை வைத்து நாம் அவற்றை மதிப்பிடுவதில்லை. கணினிகளிலும் இத்தகைய சிற்றிதழ்கள் உண்டு. பெருஞ்சந்தைக்கு வெளியே, ஒரு கொள்கையாலோ தேவையாலோ பிறந்து, சிறு கூட்டத்தின் அன்பால் நிலைப்பவை அவை. இந்தியாவில் அவற்றுள் குறிப்பிடத்தக்கது சிம்ப்யூட்டர்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய இக்கையடக்கக் கணினி 2001 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. சிற்றூர் மக்கள் பலரும் ஒரு கருவியைப் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதோரும் தம் மொழியில் கேட்டறிய வேண்டும் என்பது நோக்கம். இந்தி, கன்னடம், தமிழ் ஆகிய மொழிகளைக் கருத்தில் கொண்டே அதனை வடிவமைத்தனர். அதில் வன்தட்டு இல்லை; ஃபிளாஷ் சில்லே சேமிப்பகம். இயங்குதளம் லினக்ஸ். வன்பொருள் வடிவமைப்பையும் தனியொரு பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார்கள். அக்காலத்தில் இது துணிச்சலான செயல்.

ஒரு சிறு குழு, சுழலும் தட்டே இல்லாத கணினியில் ஒரு முழு இயங்குதளத்தை ஓடச் செய்ய முடிந்த சூழல் எப்படி அமைந்தது? உலகின் வேறு மூலைகளில் சிலர் அதற்கான வேலையைச் செய்து பொதுவில் வைத்திருந்தனர். ஃபிளாஷ் சில்லுகளுக்கான எம்.டி.டி. என்னும் அடிப்படை நிரல்களை டேவிட் வுட்ஹவுஸ் உள்ளிட்டோர் லினக்ஸுக்குள் கொண்டுவந்திருந்தனர். சில்லைத் தேய்க்காமல் பரவலாக எழுதும் ஒரு கோப்பு முறைமையைச் சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் 1999 இல் வெளியிட்டது. அதனை வுட்ஹவுஸ் திருத்தி எழுதிய இரண்டாம் வடிவம் 2001 இல் வந்தது. சுவீடன் நிறுவனம் அதனை எழுதியது தன் வலைப்பின்னல் கருவிகளுக்காக. ஆனால் திறந்து வைத்தமையால், அக்காலத்துக் கையடக்க லினக்ஸ் கருவிகள் அனைத்துக்கும் அது பொதுச்சொத்தாயிற்று.

சிம்ப்யூட்டர் எதிர்பார்த்த விற்பனையை எட்டவில்லை. 2004 இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் இணைந்து அமிதா என்ற பெயரில் சந்தைக்கு வந்தும் நிலைக்கவில்லை. கைப்பேசி அலை அதனை அடித்துச் சென்றது. எனினும் அத்தகைய முயற்சி இயலும் என்பதை அது காட்டிவிட்டுச் சென்றது. இயன்றதற்கு அடிப்படை, பிறர் எழுதித் திறந்து வைத்த இயக்கிகள்.

வரிசையும் மணியும்

ஃபிளாஷ் மலிவானதும் மேசைக்கணினிகளிலும் அது புகுந்தது. முதலில் வன்தட்டின் வேடத்திலேயே வந்தது. வன்தட்டுகளோடு பேச 2004 இல் ஏ.எச்.சி.ஐ. என்னும் பொது வரையறையை இன்டெல் நிறுவனம் வெளியிட்டிருந்தது. ஒரே ஒரு வரிசை; அதில் அதிகபட்சம் 32 கட்டளைகள் காத்திருக்கலாம். மெதுவாகச் சுழலும் தட்டுக்கு இது போதும். ஃபிளாஷுக்கோ இது, பத்துக் கணக்கர்கள் சும்மா இருக்கும் வங்கியில் ஒரே ஒரு சாளரத்தைத் திறந்து வைத்ததுபோல் ஆயிற்று.

இக்குறையைக் களையப் பல நிறுவனங்கள் கூடி 2011 மார்ச்சில் என்.வி.எம்.இ. என்னும் புதிய வரையறையின் முதல் பதிப்பை வெளியிட்டன. இதில் 65,535 வரிசைகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ அத்தனை கட்டளைகள் காத்திருக்கலாம். வேலை நடக்கும் முறையும் எளியது. 64 பைட்டு நீளமுள்ள ஒரு கட்டளையை எழுதிக் கணினியின் நினைவகத்திலேயே ஒரு வரிசையில் வைக்கிறது இயக்கி. பிறகு சேமிப்பகத்தின் ஒரு குறிப்பிட்ட முகவரியில் ஓர் எண்ணை இடுகிறது. இவ்விடத்தை வரையறை வாயில்மணி என்ற பொருள்படும் பெயராலேயே அழைக்கிறது. மணியோசை கேட்ட சேமிப்பகம் தானே வந்து கட்டளையை எடுத்துச் செல்லும். வேலை முடிந்ததும் 16 பைட்டு விடையை இன்னொரு வரிசையில் வைத்துவிட்டுத் தகவல் சொல்லும். இதன் சாரத்தைப் புரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

நம் கட்டுரைக்கு முதன்மையான செய்தி ஒன்று உண்டு. இவ்வரையறை ஆவணத்தை எவரும் கட்டணமின்றித் தரவிறக்கிப் படிக்கலாம். இலக்கணம் வெளியில் இருந்தது. ஆகவே எழுதுவோர் தோன்றினர்.

படியெடுத்தவர்கள்

லினக்ஸுக்கான என்.வி.எம்.இ. இயக்கியை எழுதியவர் அப்போது இன்டெல் நிறுவனத்தில் பணிபுரிந்த மேத்யூ வில்காக்ஸ். 2012 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 3.3 பதிப்பில் அது சேர்ந்தது. விண்டோஸுடன் இவ்வியக்கி இணைந்தே வரத் தொடங்கியது 2013 அக்டோபரில் வெளிவந்த 8.1 பதிப்பில்தான். ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தொண்டுள்ளம் மட்டுமே இதனைச் செய்துவிடவில்லை. ஊதியம் பெற்ற பொறியாளரின் உழைப்பு இது. தன் சேமிப்பகங்கள் விற்க வேண்டும் என்ற வணிகக் கணக்கு இன்டெலுக்கு இருந்தது. ஆனால் நிரல் திறந்த உரிமத்தில் வெளிவந்ததால், கணக்குப் போட்டவர் எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் இத்தகைய நிரல்கள் சென்றன.

சோழர் காலத்து வழக்கம் ஒன்றை இங்கே நினைவுகூரலாம். பழைய கோயிலைப் பிரித்துப் புதிய கற்றளி எழுப்பும்போது, பழைய சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டுவார்கள். அவ்வாறு வெட்டும்போது, இது பழங்கல்லின் படி என்னும் குறிப்பையும் சேர்ப்பார்கள். மூலம் எது, படி எது என்ற நேர்மை அதில் இருக்கும்; கொடை தொடரும் என்ற உறுதியும் இருக்கும்.

பி.எஸ்.டி. குடும்பத்து இயங்குதளங்களில் நடந்ததும் இதுவே. பாதுகாப்பில் கண்டிப்பு மிக்க ஓப்பன்பி.எஸ்.டி. என்னும் சிறு இயங்குதளத்துக்கு டேவிட் க்வின் என்பவர் 2014 இல் தொடங்கி ஓர் என்.வி.எம்.இ. இயக்கியை எழுதினார். 2016 செப்டம்பரில் வந்த 6.0 பதிப்பில் அது இடம்பெற்றது. பழைய, அரிய கணினிகள் பலவற்றிலும் ஓடுவதைப் பெருமையாகக் கொண்ட நெட்பி.எஸ்.டி. குழுவினர் அதனைத் தம் தளத்துக்குப் பெயர்த்துக்கொண்டனர். நெட்பி.எஸ்.டி. நிரலின் தலைப்பைத் திறந்து பார்ப்பவர், ஓப்பன்பி.எஸ்.டி.யின் எந்தப் பதிப்பிலிருந்து அது எடுக்கப்பட்டது என்ற குறிப்பையும், மூல ஆசிரியரின் பெயரையும் ஆண்டையும் காணலாம். கல்வெட்டு படித்துப் பழகிய கண்களுக்கு அது அறிமுகமான வரி: பழங்கற்படி.

இன்னொரு கதை நம் வாசகர்களுக்கு உவப்பானது. தொண்ணூறுகளில் பி.ஓ.எஸ். என்னும் இயங்குதளம் ஒன்று இருந்தது. அதன் உலவி, தேடிய பக்கம் கிடைக்காதபோது பிழைச் செய்தியை ஹைக்கூ வடிவில் சொல்லும். அதனை உருவாக்கிய நிறுவனம் நொடித்து, 2001 இல் அதன் உடைமைகள் பாம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. அவ்வாண்டே அன்பர்கள் சிலர் அவ்வியங்குதளத்தைத் திறந்த மூலத்தில் முதலிலிருந்து எழுதத் தொடங்கினர். பின்னர் அதற்கு அவர்கள் இட்ட பெயரே ஹைக்கூ. ஜப்பானியரின் அக்கவிதை வடிவத்தைப் பாரதி 1916 இலேயே தமிழர்க்கு அறிமுகம் செய்துவிட்டார் என்பதை நாம் அறிவோம். அப்பெயர் தாங்கிய இயங்குதளமோ இன்னும் முன்னோட்டப் பதிப்புகளாகவே வளர்ந்து வருகிறது.

ஹைக்கூவில் என்.வி.எம்.இ. சேமிப்பகங்கள் இயங்கத் தொடங்கியது 2020 ஜூனில் வந்த இரண்டாம் முன்னோட்டப் பதிப்பில். அவ்வியக்கியின் வமிசாவளி சுவையானது. பெருந்தரவு மையங்களுக்காக இன்டெல் ஒரு திறந்த மூல நிரல்தொகுதியை வெளியிட்டது. அதிலிருந்து வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தார் ஒரு சிறு நூலகத்தை வடித்தெடுத்தனர். அந்நூலகத்தை ஹைக்கூ அன்பர்கள் எடுத்துத் தம் தளத்துக்கு ஏற்பத் தைத்துக்கொண்டனர். பெரும் நிறுவனம் தன் தேவைக்கு எழுதியது, இரு கை மாறி, அந்நிறுவனம் பெயர்கூட நினையாத ஒரு சிறு கூட்டத்தாரின் கணினிகளுக்கு வேகம் தந்தது. எவரும் எவரிடமும் சென்று கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. உரிமத்தின் வரிகள் முன்னரே அனுமதி தந்திருந்தன.

இலக்கணம் மறைக்கப்பட்ட இடம்

எல்லா இடத்திலும் இவ்வாறு நடக்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் என்.வி.எம்.இ. போன்ற ஒன்றையே பயன்படுத்தியது. ஆனால் வரையறையிலிருந்து சிற்சில இடங்களில் விலகியது. அவ்விலகல்களை அது வெளியில் சொல்லவில்லை. 2018 ஐ ஒட்டி வந்த டி2 சில்லு உள்ள கணினிகளில் கட்டளையின் நீளம் 64 பைட்டுக்குப் பதில் 128 பைட்டு. இவ்வொரு வேறுபாடே லினக்ஸைத் தடுமாற வைக்கப் போதுமானதாக இருந்தது. பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட் என்பவர் அதனைக் கண்டறிந்து சேர்த்த திருத்தங்கள் 2019 நவம்பரில் வந்த லினக்ஸ் 5.4 பதிப்பில் இடம்பெற்றன.

2020 நவம்பரில் வந்த எம்1 கணினிகளில் சிக்கல் மேலும் ஆழமானது. அசாஹி லினக்ஸ் என்னும் தன்னார்வக் குழு, ஆப்பிளின் இயங்குதளத்தைத் தன் கண்காணிப்பு நிரல் ஒன்றின் மேல் ஓடவிட்டு, அது வன்பொருளோடு பேசுவதை வரிக்கு வரி ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொண்டது. சிதைந்த கல்வெட்டை மைப்படி எடுத்து, தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத எழுத்தை ஊகிப்பது போன்ற வேலை இது. இவ்வழியில் ஸ்வென் பீட்டர் எழுதிய இயக்கி 2022 ஜூலையில் வந்த லினக்ஸ் 5.19 பதிப்பில் சேர்ந்தது.

ஏறக்குறைய இருபது மாதங்கள். சில பக்க ஆவணம் வெளியிடப்பட்டிருந்தால் சில வாரங்களில் முடிந்திருக்கக்கூடிய பணி. இக்குழு வெற்றி பெற்றதற்கு ஆப்பிள் கணினிகள் மேல் உலகெங்கும் உள்ள ஆர்வமும் ஒரு காரணம். நூறு பேர் மட்டுமே வைத்திருக்கும் கணினிக்கு இத்தகைய பிரின்செப் ஒருவர் வாய்ப்பார் என்று நம்பியிருக்க முடியாது.

பெயர்த்தெழுதாத ஏடு

திறந்து வைத்துவிட்டால் மட்டும் போதுமா என்றால் போதாது. சேமிப்பகத்தின் உள்வேலைகளை இயங்குதளமே நேரடியாக ஆள வேண்டும் என்ற எண்ணத்தில் உருவான லைட்என்.வி.எம். என்னும் நிரல், 2016 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.4 பதிப்பில் சேர்க்கப்பட்டது. நல்ல சிந்தனைதான். ஆனால் அதே நோக்கத்துக்கு வேறு பொது வரையறைகள் வந்துவிட்டன. இதனைத் தொடர்ந்து பேணுவோர் அருகினர். 2021 இல் வந்த 5.15 பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டது.

லினக்ஸின் கெர்னல் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வருகிறது. அதன் உள்ளமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். மைய மூலத்துக்குள் இருக்கும் இயக்கியை, மாற்றம் செய்பவர் கூடவே திருத்திவிடுவார். வெளியே தனியாக எங்கோ வைக்கப்பட்ட இயக்கி ஓரிரு ஆண்டுகளில் ஓடாமற்போகும். ஓலைச்சுவடியின் ஆயுள் சில நூற்றாண்டுகள். அதற்குள் ஒருவர் புதிய ஓலையில் பெயர்த்தெழுத வேண்டும். எழுதாத சுவடிகள் செல்லுக்கு இரையாயின. உ.வே.சா. அலைந்து சேர்த்தவை, யாரோ ஒருவர் வீட்டில் தலைமுறைக்கு ஒருமுறை பெயர்த்தெழுதி வைத்தவை. இயக்கி நிரல்களின் ஓலை ஆயுள் மிகக் குறைவு, அவ்வளவே வேறுபாடு.

சென்னையில் பிறந்த சக்தி

இனி நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010 இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுப்பு, எவரும் உரிமக்கட்டணமின்றிச் சில்லு வடிவமைக்கலாம் என்ற வாய்ப்பைத் திறந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வீ. காமகோடியின் வழிகாட்டலில் 2014 இல் சக்தி செயலித் திட்டம் உருவாயிற்று. வடிவமைப்பு முழுவதும் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டது. 2018 இல் அதன் சில்லு ஒன்று அமெரிக்காவில் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் வார்க்கப்பட்டது. அவ்வாண்டே ரிமோ என்ற சில்லு சண்டிகரிலுள்ள நம் அரசின் குறைகடத்தி ஆலையில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் வார்க்கப்பட்டது. 2020 இல் மௌஷிக் வந்தது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கிய ஐரிஸ் என்னும் விண்வெளிப் பயன்பாட்டுச் சில்லு அறிவிக்கப்பட்டது. திருவனந்தபுரம் சி-டாக் மையத்தின் வேகா வரிசைச் செயலிகளும் இதே ரிஸ்க்-ஃபைவ் வழியில் வந்தவை.

சக்தி திட்டத்தைத் தொடங்கிய ஆய்வுக்குழு, லைட்ஸ்டோர் என்ற பெயரில் திடநிலைச் சேமிப்பகங்களுக்கான திறந்த மூல முயற்சியையும் கையில் எடுத்தது. செயலி ஒருவரிடம் திறந்திருந்து, சேமிப்பகம் இன்னொருவரிடம் பூட்டியிருந்தால் முழு விடுதலை இல்லை என்ற தெளிவு அதில் தெரிகிறது.

இங்கே திறந்த இயக்கிகளின் பயன் கண்கூடாகும். 2012 இல் இன்டெல் கணினிகளுக்காக எழுதப்பட்ட அதே என்.வி.எம்.இ. இயக்கி, ரிஸ்க்-ஃபைவ் கணினிகளுக்காக மீண்டும் தொகுக்கப்பட்டு ஓடுகிறது. 2021 இல் வந்த சைஃபைவ் நிறுவனத்தின் ரிஸ்க்-ஃபைவ் பலகையில் என்.வி.எம்.இ. பொருத்தும் இடமே தரப்பட்டிருந்தது. சேமிப்பக இயக்கியை எவரும் புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கதை அத்துடன் முடிவதில்லை. என்.வி.எம்.இ. சேமிப்பகம் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் பாதை வழியாகவே செயலியை அடைகிறது. அப்பாதையின் தொடக்கத்தில் நிற்கும் கட்டுப்பாட்டகம் ஒவ்வொரு சில்லிலும் வெவ்வேறு வடிவினது. அதற்கென ஓர் இயக்கி தனியாக வேண்டும். கட்டளைத் தொகுப்பு திறந்தது என்பதால் சில்லின் எல்லா உறுப்புகளும் திறந்தவை என்று பொருளன்று. பிறரிடம் விலைக்கு வாங்கிப் பதித்த உறுப்பின் ஆவணம் பூட்டிய பேழைக்குள் இருக்கலாம். நம் நாட்டில் வடிவமைத்த செயலி என்று நாம் பெருமிதம் கொள்ளும்போதே, அதனோடு சேர்ந்த ஒவ்வோர் உறுப்பின் ஆவணமும் வெளியில் உள்ளதா, அதன் இயக்கி கெர்னலின் மைய மூலத்துக்குள் சேர்ந்துவிட்டதா என்று கேட்கும் பழக்கமும் நமக்கு வர வேண்டும். இக்கேள்வி கேட்கப்படாவிட்டால், பத்தாண்டு கழித்து அச்சில்லுகள் ஜம்பைப் பாறைபோல் நிற்கும்.

நம் ஊருக்கு இதனால் என்ன?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியபோது, அக்கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. திருக்கோவிலூர், சங்கராபுரம், கல்வராயன்மலைச் சிற்றூர்கள் என்று எங்கும் பல குடும்பங்களுக்கு அதுவே முதல் கணினி. அக்காலக் கணினியில் முதலில் களைத்துப்போவது சுழலும் வன்தட்டு. அதனைக் கழற்றிவிட்டு ஒரு சிறு எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவினால், குப்பைக்குச் செல்ல வேண்டிய கணினி மீண்டும் மாணவரின் கைக்கு வரும். இதற்கெனத் தனி இயக்கி எதையும் தேட வேண்டியதில்லை. 2004 இல் வெளியிடப்பட்ட அந்தப் பொது வரையறையும், அதற்கு எழுதப்பட்ட கட்டற்ற இயக்கியும் இன்றும் உயிருடன் இருக்கின்றன. யாரோ ஒருவர் ஒவ்வொரு பதிப்பிலும் அதனைப் பெயர்த்தெழுதிக்கொண்டே இருக்கிறார்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் நேரடியான பட்டறிவும் உண்டு. தொண்ணூறுகளில் ஆளுக்கோர் எழுத்துருவில் நாம் தட்டச்சு செய்த ஆய்வேடுகளும் மலர்களும் எத்தனை? வட்டில் எழுத்துகள் அழியாமல் இருந்தும், எழுத்துருவின் குறியாக்க அட்டவணை கிடைக்காமல் அவை வெறும் குறிகளாகத் தோன்றுகின்றன. அட்டவணை பொதுவில் வெளியிடப்பட்ட குறியாக்கங்களில் இருந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. மறைத்து வைக்கப்பட்டவை அநேகமாகப் போயின. சேமிப்பக இயக்கியின் கதையும் எழுத்துருவின் கதையும் ஒன்றே.

ஆகவே இது பொறியாளர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தியன்று. நம் கலைக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் பயிலும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு, இயக்கி நிரல் என்பது எட்டாத வித்தை என்ற அச்சம் உள்ளது. அச்சத்துக்குப் பாதிக் காரணம் ஆங்கிலம். 64 பைட்டுக் கட்டளையும் வாயில்மணியும் தமிழில் விளங்காத பொருள்கள் அல்ல. 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் சிற்றூர் மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகின்றனர். 2019 வரை நம் திருக்கோவிலூரும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. மாவட்ட எல்லை மாறினாலும் பேருந்துத் தொலைவு மாறவில்லை.

கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை அது குறிக்கிறது. கபிலர் வாழ்ந்ததற்கும் அக்கல் வெட்டப்பட்டதற்கும் இடையில் பல நூற்றாண்டுகள். அத்தனைக் காலமும் அச்செய்தியை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லியும் எழுதியும் கடத்தியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. இன்று இயக்கி நிரல்களைப் பேணுவோரின் பெயர்கள் நிரலின் தலைப்பிலேயே இருக்கின்றன. அந்த வரிசையில் நம் வட்டாரத்து மாணவர் ஒருவரின் பெயரும் சேர வேண்டும் என்பது நம் விருப்பம். இதனைப் படிக்கும் நண்பர்களில் எவரேனும் ஆசிரியராக இருந்தால், அடுத்த வாரம் வகுப்பில் ஓர் இயக்கியின் மூல நிரலைத் திறந்து, அதன் முதல் பத்து வரிகளை மாணவர்களோடு சேர்ந்து படித்துப் பாருங்கள். கல்வெட்டுப் படிக்கத் தொடங்கியவர்களும் அவ்வாறுதான் தொடங்கினார்கள்.